கேளுங்கள், சொல்கிறேன்: பிராய்லர் பெட்டையும் இரட்டைக் கரு முட்டையும்

கேள்வி: பாசாரில் உயிரோடு வாங்கிய பிராய்லர் பெட்டைகள் இரண்டை அறுக்க மனம் வராமல் வளர்க்கிறேன். ஒரு நாள் இரட்டைக் கரு, ஒரு நாள் தோல் முட்டை, அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. ஹார்மோன் ஊசி போட்ட கோழி என்கிறார் என் நாத்தனார். உண்மையா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: ஊசி இல்லை அம்மா, வம்சம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். சீக்கிரம் எடை போடுகிறவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்ததன் பலன். கூடவே அடங்காத பசியும் வந்துவிட்டது.

செபராங் பிறையில் பிராய்லர் குஞ்சுகளுக்காக முட்டையிடும் தாய்க்கோழிகளை வளர்க்கும் ஒரு பண்ணையில் இருந்தபோது, செத்த பெட்டைகளை அறுத்துப் பார்ப்பது என் வேலை. கம்பத்துக் கோழியின், அதாவது நாட்டுக் கோழியின், சினைப்பையில் மஞ்சள் கருக்கள் திராட்சைக் குலை மாதிரி தொங்கும். பெரியது, அதைவிடச் சிறியது என்று வரிசை தப்பாது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருவைக் கழற்றிவிடும் எல்.எச். ஹார்மோனை அள்ளி விட்ட சில மணி நேரத்தில் மூத்த கரு மட்டும் கழன்று விழும். இஷ்டத்துக்குத் தின்ற பிராய்லர் பெட்டையிலோ ஒரே அளவில் இரண்டிரண்டாக நிற்கும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் இரட்டைக் கரு. கரு முட்டைக் குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து, சீழ் பிடித்துக் கோழி செத்ததையும் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் பண்ணைகளில் தாய்க்கோழிக்குத் தீவனத்தை அளந்து வைப்பார்கள். சில இடங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தீவனச் சத்தம் கேட்டதும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாயும். பார்க்கச் சகிக்காது. கொட்டிக் கொடுத்தாலோ முட்டை குறையும், கோழியும் சாகும். வேகமாக வளர்கிற இறைச்சிதான் வேண்டும் என்று நாம் கேட்கிறவரை இதற்கு நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் பிராய்லர் தீவனத்தை நிறுத்திவிட்டு, முட்டைக் கோழித் தீவனத்தை அளவாக வையுங்கள். ஓட்டுக்குச் சிப்பித் தூள். பட்டினி போட வேண்டாம்.

கேள்வி: பிராய்லர் சேவலைக் கம்பத்துப் பெட்டையோடு விடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். மார்பு கனம், கால் பலவீனம். ஏறினாலும் சரியாகப் பொருந்தாது, பெட்டையின் முதுகுதான் கிழியும். மார்பு பெருத்த வான்கோழி ரகங்களுக்கு இது முற்றிப்போய், செயற்கைக் கருவூட்டல் இல்லாமல் பண்ணையே நடக்காது. கம்பத்துச் சேவலைப் பிராய்லர் பெட்டையோடு விட்டுப் பாருங்கள். குஞ்சுகள் ஒன்றுபோல் இருக்காது, அதற்குத் தயாராக இருங்கள்.