ஓட்டு இல்லாத ஊருக்குச் சண்டை

வணக்கம்.

நான் சிங்கப்பூரில் பொங்கோல் வட்டாரத்தில் வசிக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர். வேலைக்கு வந்து, குடியுரிமை வாங்கி, 2025 மே 3 அன்று முதல்முறையாக இங்கே வாக்களித்தேன். எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள நாற்பது தமிழ்க் குடும்பங்கள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். பதினோரு வருடம் ஒன்றாகப் பொங்கல் வைத்தோம். தமிழ்நாட்டு அரசியல் பற்றி ஒருவர் போட்ட மீம் ஒன்றில் இரவு பதினொரு மணிக்குச் சண்டை ஆரம்பித்தது. விடிவதற்குள் சாதி வரைக்கும் போய்விட்டது. குழு உடைந்து, அடுத்த பொங்கல் இரண்டு இடத்தில் நடந்தது. அட்மின் என்ற முறையில் "இனி இங்கே அரசியல் கூடாது" என்று விதி போட்டேன். இப்போது பிறந்தநாள் கேக் படமும் டியூஷன் விசாரிப்பும்தான் வருகின்றன. பேச்சுச் சுதந்திரம் என்று அவிழ்த்துவிட்டால் இதுதான் கதி, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் குடும்பங்களே இரண்டுபடுகின்றன, சிங்கப்பூர் வழிதான் சரி என்று என் மனைவியிடம் சொன்னேன். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. நான் செய்தது சரிதானா?

ரா.

அன்புள்ள ரா.,

உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். விதி போட்டது சரி. சாதிப் பேச்சு வந்த ராத்திரியில் கதவைச் சாத்தாதவர் அட்மினாக இருந்து என்ன பயன்? ஆனால் அந்த ராத்திரியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் தப்பு என்று எனக்குப் படுகிறது.

சண்டை எந்த ஊரைப் பற்றியது என்று முதலில் பாருங்கள். இரட்டைக் குடியுரிமையைச் சிங்கப்பூரும் ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. சிங்கப்பூர்க் குடிமகனுக்கான இளஞ்சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, கைக்கு வந்தவருக்குத் தமிழ்நாட்டில் ஓட்டு கிடையாது. இந்தியக் கடப்பிதழோடு இருப்பவருக்கு உண்டு. ஆனால் விமானம் ஏறிப் போய்ச் சொந்த ஊர்ச் சாவடியில் நின்றால்தான் போட முடியும். உங்கள் குழுவில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள்? அங்கே எந்த ஆட்சி வந்தாலும், அன்றிரவு அடித்துக்கொண்டவர்களின் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்கப்போவதில்லை, பஸ் கட்டணம் ஏறப்போவதில்லை. கைக்காசு போடாமல் ஆடும் சீட்டாட்டம். அதனால்தான் அவ்வளவு சத்தம்.

ஊரில் என் மாமா மகன் ஒரு கட்சியில் வட்டச் செயலாளர். மேடையில் எதிர்க்கட்சிக்காரரைக் கிழிப்பான். அவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பான். கேட்டால், "நாளைக்குத் தெருவில் சாக்கடை அடைச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதானேண்ணே ஆபீஸ்ல போய் நிக்கணும்" என்பான். ஏசி அறையில் உட்கார்ந்து அவனுக்காக நாம் போடும் சண்டையில் சாக்கடையும் இல்லை, பந்தியும் இல்லை.

இப்போது உங்களுக்கு ஓட்டு இருக்கிற ஊருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் 2025 தேர்தலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் பொங்கோல் குழுத்தொகுதியில், ஆளும் மசெக (மக்கள் செயல் கட்சி) வாங்கியது 55 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீதியெல்லாம் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு. காலையில் உங்கள் மின்தூக்கியில் பத்துப் பேர் ஏறினால், ஐந்தாறு பேர் ஒரு பக்கம், நாலைந்து பேர் மறுபக்கம். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு நெருங்கிய போட்டி வாசலில் நடந்தபோது உங்கள் குழுவில் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நானே ஊகித்துக்கொண்டேன். தப்பென்றால் மன்னியுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. 2011 தேர்தலில் சிராங்கூன் ஸ்டேடியத்தில் பாட்டாளிக் கட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எள் போட்டால் எண்ணெய் வரும் அளவுக்கு ஜனம். பத்தடி தள்ளி எங்கள் மேல்மாடிச் சீனத் தாத்தா, கையில் மடக்கு நாற்காலியோடு நிற்கிறார். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன. இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினோம். மறுநாள் மின்தூக்கியில், "டுடே வெரி ஹாட் ஆ" என்றார். "யா அங்கிள், வெரி ஹாட்" என்றேன். அடுத்த எட்டு வருடமும் வெயிலைப் பற்றித்தான் பேசினோம். பிறகு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் அன்று ஆதரவாக வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இந்த வாய்ப்பூட்டு எங்கிருந்து வந்தது? என் அம்மா ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சீட்டைப் பற்றி ரகசியக் குரலில் ஒன்று சொல்வார்: "நம்பர் போட்டிருக்குடா." உண்மை, சீட்டில் வரிசை எண் உண்டு. கள்ளச்சீட்டைத் தடுக்க. எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைத்து, பிறகு எரித்துவிடுகிறார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று அதைக் கிளறிப் பார்ப்பதில்லை. இதை அம்மாவிடம் மூன்று தேர்தலாகச் சொன்னேன். "சரிப்பா" என்பார். நம்பவில்லை என்பதற்கு அவர் வைத்திருக்கும் சொல் அது.

அம்மாவின் பயத்துக்கு முழுக்கவே காரணம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஜே.பி.ஜெயரத்தினத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1981ல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனார். அவர் 2001ல் திவாலான கதை தெரியுமா? பாட்டாளிக் கட்சியின் 'தி ஹேமர்' ஏட்டில் 1995ல் தமிழ் மொழி வாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தமிழில் எழுதிய கட்டுரை. ஏற்பாட்டாளர்கள் அவதூறு வழக்குப் போட்டு வென்றார்கள். ஏட்டின் ஆசிரியர் என்ற பொறுப்பில் இழப்பீட்டைத் தவணையில் கட்டிவந்தவர், தவணை தவறியதும் திவாலானார், தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளருக்குக் கிடைக்கும் தொகுதியில்லா உறுப்பினர் பதவியும் போனது. பிறகு ரயில் நிலைய வாசல்களில் தன் புத்தகங்களைத் தானே விற்றார். கட்டுரை நியாயமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதை நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எங்கள் தலைமுறைத் தமிழர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு: தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியும் என்று இருந்த தெம்பு போனது.

அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடி மூண்டு 13 பேர். அதற்கு முந்தைய வாரங்களில் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் இனத்தைச் சீண்டிப் பேசிய பேச்சுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அப்பா அப்போது கேலாங் பக்கம் ஒரு மளிகைக் கடையில் வேலை. ஊரடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு ஆளைக் கொல்லும் என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. இனத்தையும் சமயத்தையும் சுற்றி வேலி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் வேலி போட்டது அந்த ஒரு பள்ளத்தைச் சுற்றி. நாம் தோட்டத்துக்கே போகாமல் இருந்துவிட்டோம். ஹோங் லிம் பூங்காவில் பேச்சாளர்களுக்கென்று ஓர் இடத்தை 2000 செப்டம்பர் 1 அன்று திறந்தார்கள். குடிமக்கள் பேசலாம், தமிழிலும் பேசலாம் என்று விதியே சொன்னது. 2008 முதல் ஒலிபெருக்கி வைக்கலாம், ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். இனம், சமயம் மட்டும் கூடாது. 2030க்குள் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று சொன்ன வெள்ளை அறிக்கையை எதிர்த்து 2013 பிப்ரவரியில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். கத்திவிட்டு, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு, எம்ஆர்டி பிடித்து வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் நடந்தது.

நீங்கள் அமெரிக்காவைச் சொன்னீர்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் அளவுக்கு மீறிப் பேசியதால் அங்கே போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. எதிர்த்தரப்பு ஆள் ஒருவரோடும் உட்கார்ந்து பேசாமல், தன் தரப்பின் குரலை மட்டும் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் போனவர்கள் அவர்கள் என்றே எனக்குப் படுகிறது. சாப்பாட்டு மேசையில் அரசியல் வேண்டாம் என்று அங்கேயும் எத்தனையோ வீடுகளில் விதி உண்டு. உங்கள் விதிதான்.

சண்டையும் போட்டு, சேர்ந்தும் நிற்கும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. 1929ல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போன பிறகு இங்கிருந்த தமிழர்கள் சீர்திருத்தக்காரர், பழமைக்காரர் என்று பிரிந்து நின்றார்கள். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம். கோயில், சாதி, சடங்கு என்று தொட்டதெல்லாம் சண்டை. அந்தச் சங்கத்தில் முன்னணியில் நின்ற கோ.சாரங்கபாணி 1935ல் 'தமிழ் முரசு' தொடங்கினார். பிறகு 1952ல் அதே சாரங்கபாணிதான் சாதி, சமயம் பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டுத் தமிழர் திருநாள் நடத்தினார். பொங்கலை ஒட்டித்தான். அந்த இருபது வருடமும் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. சண்டை போட்டவர்களுக்கு ஒரே பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது, ஒரே குடியுரிமைப் பாரத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

ஆகையால் விதியை எடுக்கச் சொல்லவில்லை, மாற்றிப் பாருங்கள் என்கிறேன். எங்கள் நண்பர் வட்டத்தில் ஒன்று செய்தோம். ஃபார்வர்ட் கிடையாது. என்ன சொல்வதானாலும் சொந்த விரலால், தமிழில் தட்டிச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே முக்கால்வாசி சண்டை நின்றது. ஆத்திரம் இருந்த அளவுக்குத் தட்டச்சுப் பொறுமை பலருக்கு இல்லை. இரண்டாவது, பேசுவது இங்கத்து விஷயமாக இருக்க வேண்டும். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் ஏன் முகம் சுளிக்கிறார்கள், மறுவிற்பனை வீட்டு விலை, புதிதாக வந்தவர்களுக்கும் இங்கேயே பிறந்தவர்களுக்கும் நடுவில் இருக்கும் புகைச்சல். கடைசியாகச் சொன்னது சுடும், தெரியும். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் என் பெரியம்மா மகளை ரயிலில் ஒருவர் "எப்போது உங்கள் நாட்டுக்குத் திரும்புகிறீர்கள்" என்று கேட்டார். அவள் அதற்கு உங்களைப் போல வந்தவர்கள்மேல் கோபப்பட்டாள், கேட்ட ஆள்மேல் அல்ல. இதை உங்கள் நாற்பது குடும்பத்தோடு அவள் நேருக்கு நேர் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான்கு முறை கூப்பிட்டேன், "எதுக்கு வம்பு" என்கிறாள். அவளும் அம்மாவின் பெண் மாதிரிதான்.

பிரிந்துபோனவர்கள் எந்தப் புளோக்கில் பொங்கல் வைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். பொங்கோல்தானே, பஸ்ஸில் நான்கு நிறுத்தம் இருந்தால் அதிகம். அடுத்த முறை உங்கள் பானை பொங்கியதும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மீம் போட்டவரிடமே முதலில் கொடுங்கள். அரசியல் வேண்டாம், அவர் மகனுக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது என்று கேட்டு ஆரம்பியுங்கள். அதிலேயே ஒரு சண்டை வரும்.