இபிசாவின் பாம்பும் பல்லியும்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினைச் சேர்ந்த இபிசா தீவில் பல்லிகளைக் காப்பாற்றுவதற்காகப் பாம்புகளைப் பொறிவைத்துப் பிடித்துக் கொல்வதை ஒரு காணொளியில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பாம்பும் உயிர்தானே? ஒரு பல்லி இல்லாமல் போனால் தீவுக்கு அப்படி என்ன நஷ்டம்? பாம்பு இரை தேடுவதில் மனிதன் ஏன் தலையிட வேண்டும்?

கலா, ஓசூர்

அன்புள்ள கலா,

மனிதன் அங்கே ஏற்கெனவே தலையிட்டுவிட்டான். அதுதான் பிரச்சினையே. இபிசாவில் முன்பு பாம்பே கிடையாது. அந்த மண்ணே பாம்பை விரட்டும் என்று ரோமானிய அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். உண்மையில் தடுத்து வைத்திருந்தது கடல். பிறகு பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வைக்க, வயதான ஒலிவ மரங்களைப் பெருநிலத்திலிருந்து வேரோடு பெயர்த்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். முதிர்ந்த ஒலிவ மரத்தின் அடியில் பொந்துக்குப் பஞ்சமில்லை. அதற்குள் சுருண்டு கிடந்த பாம்புகளும் கூடவே வந்து இறங்கின. 2003-இல் குதிரைலாடச் சாட்டைப் பாம்பு அங்கே முதன்முதலாகப் பதிவானது. விஷமில்லாத, நீளமான பாம்பு. அது பரவிய இடங்களில் பல்லி அடியோடு காணாமல் போகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பையே கண்டிராத பல்லி அது.

சரி, பல்லி போனால் என்ன நஷ்டம்?

இந்தப் பல்லி நம் வீட்டுச் சுவர்ப்பல்லி போல் அல்ல. பகலில் வெயில் காய்ந்துகொண்டு அரணை போலத் தரையில் ஓடும். பச்சை, நீலம், பழுப்பு என்று, சுற்றியுள்ள குட்டித் தீவுகளான திட்டுகளில் திட்டுக்குத் திட்டு அதன் நிறம் வேறுபடும். சிறு தீவுகளில் பூச்சி போதாமல் போகும்போது பூவில் தேன் நக்கும், பழம் தின்னும். அதனால் அங்கே மகரந்தத்தைச் சுமப்பதும் விதையைப் பரப்புவதும் பல்லியின் வேலையாகிவிட்டது.

இதைத் தெளிவாகப் பார்க்க, அதே கடலிலுள்ள இன்னொரு ஸ்பெயின் தீவான மெனோர்காவுக்குப் போக வேண்டும். அதன் தென்கிழக்கு முனையை ஒட்டி ஐரே என்றொரு சின்னத் தீவு. பல்லிகள் கன்னங்கரேல் என்று இருக்கும். அங்கே டெட் ஹார்ஸ் ஆரம் என்ற செடி வளர்கிறது. நம் சேனைக்கிழங்கின் குடும்பம்தான். சேனைப் பூ போலவே இதுவும் பிண நாற்றம் அடிக்கும். பூமடல் தோலுரித்த இறைச்சி நிறத்தில், உள்ளே ரோமத்தோடு விரிகிறது. உள்ளிருக்கும் தண்டு சூடாகி நாற்றத்தைக் கிளப்ப, செத்த விலங்கென்று நம்பி ஈக்கள் நுழைந்து மாட்டிக்கொள்கின்றன, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகின்றன. பல்லி அந்த மடலின் மேல் ஏறி உட்கார்ந்து குளிர் காய்ந்தபடியே ஈக்களைப் பிடிக்கிறது. அப்புறம் கதிர் பழுத்ததும் பழங்களையும் தின்கிறது. பல்லியின் வயிற்றைக் கடந்து வந்த விதை நன்றாக முளைப்பதை அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். எனக்கு இது சலிக்காத ஆச்சரியம்.

இனி மறுபக்கம். மெனோர்கா பெருந்தீவில் இந்தக் கரும்பல்லியின் இனம் எப்போதோ அழிந்துவிட்டது. மனிதர்கள் கொண்டுவந்த வேட்டை விலங்குகளே காரணம். மெனோர்காவையும் அதை ஒட்டிய திட்டையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத டாப்னே ரோட்ரிகெசி என்ற குத்துச்செடி அங்கே இருக்கிறது. அதன் விதையைப் பரப்பியது பல்லி. இன்று பெருந்தீவில் பழம் தாய்ச்செடியின் காலடியிலேயே உதிர்கிறது, புதுக் கன்றுகளைப் பார்ப்பது அரிது. பல்லி உயிரோடிருக்கும் பக்கத்துக் கொலோம் திட்டில் மட்டும் மற்ற புதர்களின் நிழலில் கன்றுகள் எழுகின்றன. பல்லி போய் எத்தனையோ காலம் கழித்தும் அந்தச் செடி அதன் விளைவை அனுபவிக்கிறது. இபிசாவில் இப்போது பல்லி போனால் எந்தெந்தச் செடிக்கு இந்தக் கதி என்று நம் ஆயுளில் முழுக்கத் தெரியப்போவதில்லை.

உங்கள் இரக்கத்தை நான் மதிக்கிறேன். கொல்வதில் எனக்கும் மகிழ்ச்சி இல்லை. பொறிக்குள் ஒரு தனிக் கூண்டில் சுண்டெலியை உயிரோடு வைக்கிறார்கள். பாம்பு அதைத் தொட முடியாது, ஆனால் உள்ளே வந்தால் வெளியேறவும் முடியாது. இப்படி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிடிபடுகின்றன. பெருநிலத்தில் இந்தப் பாம்புக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, தாராளமாக வாழ்கிறது. இபிசாப் பல்லிக்கோ இபிசா, பக்கத்துத் தீவான பார்மெந்தேரா, சுற்றியுள்ள திட்டுகள்தான் பிறந்த இடம். ஆகவே பிடிக்கத்தான் வேண்டும் என்பேன்.

என் கோபம் பாம்பின் மேல் அல்ல, அலங்கார மர வியாபாரத்தின் மேல். துறைமுகத்தில் மரத்தை நிறுத்தி, பொந்து பொந்தாகச் சோதித்து, தனியே வைத்திருந்து பிறகு அனுப்பியிருந்தால் ஒரு பாம்பைக்கூடக் கொல்ல வேண்டியிருந்திருக்காது. இப்போது அவை நீந்திச் சிறு திட்டுகளையும் எட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு திட்டின் நிறமும் அங்கே மட்டுமே இருப்பது, கலா.