புது காருக்கு சின்தெடிக் ஆயில் எப்போது?

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் என்ஜின் ஆயில் மட்டும்

கே: 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, 1,400 கி.மீ. ஓடியிருக்கிறது. "5,000 கி.மீ. வரை மினரல் ஆயில்தான் இருக்கணும், அப்பதான் பிஸ்டன் ரிங் நல்லா உட்காரும், அப்புறம் சின்தெடிக் போடலாம்" என்கிறார் எங்கள் பகுதி மெக்கானிக். ஷோரூமில் இப்போதே மாற்றச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

ப: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள், கையேட்டிலும் சரிபாருங்கள். ஆயிலின் தடிமனைச் சொல்லும் கிரேடு 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 என்று இருந்தால் நீங்கள் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. அந்த கிரேடை, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண மினரல் எண்ணெயை வைத்துக்கொண்டு நடைமுறையில் தயாரிக்க முடியாது. ஆகவே தொழிற்சாலையில் ஊற்றி அனுப்பியதே, வேதிமுறையில் உருவாக்கும் சின்தெடிக் ரகம்தான். மாருதியின் இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16தான் பரிந்துரை.

மெக்கானிக் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. பழைய என்ஜின்களில் சிலிண்டர் சுவரை ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்தபின் சொரசொரப்பாகவே விட்டுவிடுவார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான ரிங் அந்த மேடுகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் தனக்கு இடம் பிடிக்க வேண்டும். வழுக்கல் அதிகமான ஆயில் அதைத் தாமதப்படுத்தும் என்பது அன்றைய கணக்கு. இன்று ஹோனிங்கின் கடைசிக் கட்டத்தில் மேடுகளை மட்டும் நுண்மையான கல்லால் சீவிவிட்டு, ஆயில் தங்குவதற்கான பள்ளங்களை அப்படியே விடுகிறார்கள். ரிங் உட்காரும் வேலையில் பெரும்பகுதி முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே முடிந்துவிடும். செவர்லே கார்வெட் 1992 முதல் சின்தெடிக் ஆயிலோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. ரிங் உட்காராமல் அந்தக் கார்கள் எல்லாம் புகை கக்கிக்கொண்டா இருக்கின்றன?

ரிங்கை சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். அதனால் முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலைவிட, ஓட்டும் விதம் முக்கியம். ஏற்றத்தில் டாப் கியரிலேயே திணறவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். நான்குவழிச் சாலையில் மூன்று மணி நேரம் ஒரே 80-இல் போவதும் புது என்ஜினுக்கு ஆகாது, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

ஷோரூம் யோசனையும் வேண்டாம். முதல் முறை ஊற்றும் ஆயிலில் சில நிறுவனங்கள் மாலிப்டினம் போன்ற சேர்ப்பான்களைக் கூடுதலாகக் கலக்கின்றன. ஹோண்டா தன் கையேடுகளில், அட்டவணைக்கு முன்னால் அதை வடிக்காதீர்கள் என்றே சொல்கிறது. பெட்ரோல் கார்கள் பலவற்றில் 1,000, 5,000 கி.மீ. இலவச சர்வீஸ் வெறும் சோதனைதான். ஆயில் மாற்றம் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது. அதுவரை காத்திருங்கள். மூடியில் 15டபிள்யூ-40 போன்ற மினரல் கிரேடு இருந்து, கையேடு சின்தெடிக்கையும் அனுமதித்தால், அந்த முதல் ஆயில் மாற்றத்தின்போதே மாறிவிடலாம். இடையில் என்ஜினின் உட்புறத்தைக் கழுவும் 'ஃப்ளஷ்' எதுவும் தேவையில்லை. அடியில் தங்கும் கொஞ்சம் மினரல் ஆயிலோடு சின்தெடிக் சேர்ந்தால் திரிந்துவிடும் என்பது கட்டுக்கதை.

கே: எனக்கு பிஎஸ்6 டீசல் கார். வெளிக்கடையில் "ஃபுல்லி சின்தெடிக்" 5டபிள்யூ-30 மலிவாகக் கிடைக்கிறது. கிரேடு சரியாக இருந்தால் போதும்தானே?
– வாசகி, கோவை

ப: போதாது. "ஃபுல்லி சின்தெடிக்" என்ற வார்த்தையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நன்றாகச் சுத்திகரித்து ஹைட்ரஜன் ஏற்றிய கச்சா எண்ணெய் வழி அடிப்படை எண்ணெயையும் சின்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாம் என 1999-இல் அமெரிக்காவில் காஸ்ட்ரால், மொபில் இடையேயான விளம்பர வழக்காடலில் முடிவாகிவிட்டது. "செமி சின்தெடிக்" டப்பாவில் எத்தனை சதவீதம் சின்தெடிக் என்பதற்கும் வரம்பு இல்லை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக்குறியீடுதான் பேசும்.

உங்கள் காரில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்தால் கார் தானே வெப்பத்தை ஏற்றி எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்ப்பான்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் எந்த வெப்பத்திலும் போகாது. அது வடிகட்டிக்குள்ளேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த, ஏசிஇஏ (ஐரோப்பிய வாகன நிறுவனங்களின் தரமுறை) சி2 அல்லது சி3 குறியிட்ட ஆயிலைக் கையேடு கேட்கிறது. அதே 5டபிள்யூ-30-இல் சாம்பல் அதிகமுள்ள ஏ3/பி4 குறியிட்ட நல்ல, விலை உயர்ந்த ஆயிலும் உண்டு. அதை ஊற்றினால் என்ஜின் சுகமாக ஓடும், வடிகட்டி செத்துவிடும். புது வடிகட்டியின் விலைக்கு முன்னால் ஆயிலில் மிச்சம் பிடித்த பணம் ஒரு பொருட்டே இல்லை.

டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரடி ஊசியிடலோடு (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பது) டர்போவும் உள்ள சிறு என்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்க வல்லது. ஆயிலில் கால்சியம் அதிகமானால் இது கூடும். இதைத் தடுக்கும் சோதனை ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த எஸ்என் பிளஸ் தரத்திலும், 2020-இல் வந்த எஸ்பி தரத்திலும் இருக்கிறது. பழைய எஸ்என் டப்பா தள்ளுபடியில் கிடைத்தாலும் இந்தக் கார்களுக்கு வேண்டாம்.

கே: மதுரை வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணீர் மாதிரி இருக்கிறதே, 20டபிள்யூ-50 போடலாமா?
– வாசகர், மதுரை

ப: வேண்டாம். டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 0டபிள்யூவை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள். பிந்தைய எண்தான் 100 டிகிரியில் உள்ள தடிமன்: 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (தடிமனை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3. வெளியே 28 டிகிரியோ 41 டிகிரியோ, சூடேறிய என்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். என்ஜினைப் பொறுத்தவரை மதுரையின் காலை நேரம்கூடக் குளிர்தான். தடித்த ஆயில் வால்வ் நேரத்தை மாற்றும் அமைப்பின் மெல்லிய துளைகளுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும், மைலேஜும் குறையும். கையேட்டு அட்டவணையில் 5டபிள்யூ-30 மாற்றாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதைப் போடுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள்.

கே: சின்தெடிக் போட்டால் 20,000 கி.மீ. வரை ஓட்டலாமா?
– வாசகர், திருச்சி

ப: கையேடு 10,000 என்றால் 10,000தான். பள்ளிக்கும் கடைக்கும் மூன்று கி.மீ. மட்டும் ஓடும் காருக்கு அதையும் குறைக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஆயில் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். எரிதலில் உண்டாகும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். மூடியின் உட்பக்கம் பால்நிறப் பசை படிவது அதன் அடையாளம். கடும் உபயோகத்துக்கென்று தனி அட்டவணை பல கையேடுகளில் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள்.

டீசல் கார்களில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. டிபிஎஃப் கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். நகருக்குள்ளேயே ஓட்டினால் எரிப்பு பாதியில் நின்று நின்று, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மேல்கோட்டைத் தாண்டினால் கி.மீ. கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

கே: வாரண்டி முடிந்துவிட்டது. வீட்டிலேயே ஆயில் மாற்றக் கவனிக்க வேண்டியவை?
– வாசகர், நாகர்கோவில்

ப: ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷர் புதிதாக இருக்கட்டும். ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியமாக இருந்தால் போல்ட்டை மூர்க்கமாக முறுக்கினால் மரை போய்விடும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கே முறுக்குங்கள்.

அதிகம் தவறு நடப்பது ஃபில்டரில். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, அது என்ஜினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று, அது போதும்.

கையேட்டு அளவு 3.1 லிட்டர் என்றால் முதலில் 2.8 ஊற்றுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. கழிவு ஆயிலைச் சாக்கடையில் விடாமல், மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகப் போனால் அதில்தான் போலி ஆயில் திரும்பி வரும்.

கே: மிஞ்சிய அரை லிட்டரை பைக்குக்கு ஊற்றலாமா?
– அதே வாசகர்

ப: கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயிலில் உள்ள உராய்வுக் குறைப்பான் கிளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கும். ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. பைக்குக்கு ஜாஸோ (ஜப்பானிய தரமுறை) எம்ஏ அல்லது எம்ஏ2 குறியிட்ட ஆயில்தான். அந்த அரை லிட்டரை மூடி இறுக்கி டிக்கியில் வையுங்கள், அடுத்த சர்வீஸுக்குள் மட்டம் இறங்கினால் டாப் அப் செய்ய ஆகும்.