சங்காயத்தில் எதைத் தேடுகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் மீன் இறங்குதளத்துக்கு விலங்கியல் ஆய்வு மையத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். சீலா, பாறை போன்ற நல்ல மீன்களை ஏறிட்டும் பார்க்காமல், கோழித் தீவனத்துக்குப் போகும் சங்காயத்தை (விலைபோகாத கழிவு மீன் குவியலை)க் கிளறிப் பொடி நண்டுகளையும் சிறு மீன்களையும் பாட்டில்களில் போட்டு எடுத்துச் சென்றார்கள். இதனால் யாருக்கு என்ன பயன்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: சீலாவுக்கும் பாறைக்கும் விலை இருப்பதால் அவற்றைப் பற்றிய கணக்கு வேறு பல இடங்களில் ஏற்கெனவே எழுதப்படுகிறது. விலையில்லாத உயிர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. விசைப்படகின் மடிவலை கடலடியை வாரிக்கொண்டு வரும்போது காரல் குஞ்சுகளோடு நண்டு, நட்சத்திர மீன், கடற்பஞ்சு, சிப்பி என்று எத்தனையோ ஏறிவருகின்றன. அவற்றில் பலவற்றைச் சங்காயக் குவியலில் தவிர வேறெங்கும் நாம் பார்க்க வாய்ப்பில்லை. 1916-இல் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்னையில் 1961 முதல் தென்மண்டல மையமும், 1973 முதல் கடல் உயிரியல் மண்டல மையமும் இருக்கின்றன. எந்த விலங்கு எந்த இடத்தில் வாழ்கிறது என்பதைச் சான்றுடன் பதிவு செய்வதே இத்தகைய மையங்களின் முதல் வேலை.

சான்று என்று சொல்வது அந்தப் பாட்டிலைத்தான். மீனின் நிறம் சில மணி நேரத்தில் மங்கிவிடும் என்பதால் முதலில் படம் எடுக்கிறார்கள். மரபணு ஆய்வு தேவைப்பட்டால், ஃபார்மலின் படுவதற்கு முன்பே ஒரு துண்டுச் சதையை அடர்த்தியான ஆல்கஹாலில் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு துடுப்புகளை விரித்துக் குத்தி, ஃபார்மலினில் பதப்படுத்திக் கழுவி, 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றுகிறார்கள். கடல் அட்டைக்கு ஃபார்மலின் ஆகாது. அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் புதைந்திருக்கின்றன. ஃபார்மலினில் உள்ள அமிலம் அவற்றைக் கரைத்துவிடும். இனத்தைக் கண்டறிய வேண்டுமானால் தோலில் சிறிது கிள்ளி, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் போடுவார்கள். சதை கரைந்ததும் அடியில் தங்கும் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தால், சில மேசை போலவும் சில துளையிட்ட பொத்தான் போலவும் தெரியும். வெளித்தோற்றத்தில் குழப்பம் தரும் இரண்டு அட்டைகளை இந்த வடிவங்களை வைத்துப் பிரித்துவிடலாம்.

பாட்டிலுக்குள் போடும் சீட்டில் இடம், நாள், ஆழம், வலை, சேகரித்தவர் ஆகிய விவரங்கள் பென்சிலாலோ ஆல்கஹாலில் கரையாத கறுப்பு மையாலோ எழுதப்படுகின்றன. சீட்டு தொலைந்தால் உள்ளே இருப்பது வெறும் மீன்தான்; அதை வைத்து இந்தக் கடலைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. அந்தச் சீட்டில் மீனவர் வழங்கும் பெயரையும் தவறாமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த முறை அதே விலங்கைத் தேடி வரும் ஆய்வாளர் கரையில் நின்று முதலில் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான்.

கேள்வி: மண்டபத்தில் ஏற்கெனவே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது இன்னொரு மையம் எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழக்கரை

பதில்: அந்த நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டது, 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. எவ்வளவு மீன் பிடிபடுகிறது, எப்போது சினைப்படுகிறது, கூண்டில் வளர்க்க முடியுமா என்பன போன்றவை அதன் கேள்விகள். விலங்கியல் நிறுவனத்துக்குக் கடலும் கரையும் ஒன்றுதான். சித்திரங்குடிக் கண்மாயின் பறவையும் அதன் வரப்பு மண்ணில் நெளியும் புழுவும் அதன் பட்டியலில் இடம்பெற வேண்டியவையே. 2024-இல் அது வெளியிட்ட இந்திய விலங்கினப் பட்டியலில் இனங்களும் உள்ளினங்களுமாக 1,04,561 பெயர்கள் உள்ளன.

கேள்வி: எங்கள் பெரியவர்கள் கண்ட பல உயிர்களை இப்போது நாங்கள் பார்ப்பதில்லை. அவை அழிந்துவிட்டன என்று எந்த ஏட்டிலாவது எழுதியிருக்கிறார்களா?
– கடற்பாசி சேகரிக்கும் வாசகி, பாம்பன்

பதில்: இந்தக் கடலுக்கு ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. உங்கள் ஊருக்கு எதிரே உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இலேயே ஒரு தனி ஏடு வெளியிட்டது. வளைகளில் வாழும் ஏகோர்ன் புழு என்ற விந்தையான விலங்கின் பெயரால் அந்தத் தீவு விலங்கியல் மாணவர்களுக்கு இன்றும் அறிமுகமானது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அதே கரையில் இறங்கி, அன்று இருந்தவற்றில் இன்று இருப்பவை எவை என்று சரிபார்க்க முடிவது அந்த ஏட்டால்தான்.

ஆனால் "இல்லை" என்று எழுதுவது "இருக்கிறது" என்று எழுதுவதைவிடக் கடினமானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும்போது தெரியும் உயிர் மற்ற நாளில் தெரியாது. வலை மாறினால் கிடைப்பதும் மாறும். எத்தனை நேரம், எந்தப் பருவத்தில், எந்த முறையில் தேடினோம் என்ற குறிப்பு இல்லாமல் "காணவில்லை" என்று மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஏட்டில் ஒரே பெயரில் குறிக்கப்பட்ட விலங்கு, பின்னாளில் இரண்டு மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பழைய பாட்டிலைத் திறந்து மறுபடியும் பார்த்தால்தான் எது மறைந்தது, எது பெயர் மட்டும் மாறியது என்று தெரியும். பவளப்பாறைகளைப் பொறுத்தவரை இந்த ஐயத்துக்கு இடமில்லை. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததையும், 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளை, இடமும் பருவமும் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். எங்கே தேட வேண்டும் என்று முடிவுசெய்ய அவை உதவும்.

கேள்வி: புதுவிதமான கடல் அட்டையோ கடல் குதிரையோ வலையில் சிக்கினால் ஆய்வு மையத்துக்கு எடுத்து வரலாமா?
– மீனவர், ஏர்வாடி

பதில்: வேண்டாம். அவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைச் சேகரிக்க ஆய்வாளர்களே முன்அனுமதி பெற வேண்டும். அருகில் ஒரு நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, உயிரோடு கடலில் விட்டுவிடுங்கள். ஆவுளியா (கடல் பசு) சிக்கினால் படத்துக்குக் கூடக் காத்திருக்காதீர்கள். அது காற்றைச் சுவாசிக்கும் விலங்கு என்பதால், நீருக்கு மேலே வர முடியாதபடி வலையில் மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டி இறந்துவிடும். வலையை அறுத்தாவது விடுவித்துவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: விலங்கியல் படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவி, இராமநாதபுரம்

பதில்: முதுகலை விலங்கியல் அடிப்படைத் தகுதி, ஆனால் இப்போதே ஒரே ஒரு விலங்குக் குழுவைத் தேர்ந்தெடுத்துப் பழகத் தொடங்குங்கள். மீனுக்கும் பறவைக்கும் ஆர்வலர்கள் நிறைய இருக்கிறார்கள். கடற்பஞ்சுக்கும், உடல் நெடுகத் தூரிகை போன்ற மயிர்கள் கொண்ட பலதூரிகைப் புழுக்களுக்கும் ஆள் மிகக் குறைவு என்பதால், அவற்றில் ஒன்றை எடுத்தால் வேலையும் இருக்கும், உங்களைத் தேடியும் வருவார்கள்.