ஜெபத்தில் மனம் அலைவது பிசாசின் தாக்குதலா?

ஜெபிக்க முழங்கால்படியிட்டதும் மனம் எங்கெங்கோ ஓடுகிறது, சபையில் சொன்னபடி சாத்தானைக் கட்டி ஜெபித்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுவதற்கு முன், வந்திருப்பது யார் என்று பாருங்கள் என்பதுதான் என் பதில்.

பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறான் என்று நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். பேதுருவின் அந்த வசனமோ 'தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்' என்றுதான் தொடங்குகிறது. கூட்டங்களில் அந்த முதல் பாதியை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் நான்காம் நூற்றாண்டின் துறவி எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியிலுள்ள பொந்து நாட்டில் பிறந்தவர். கான்ஸ்டான்டிநோபிளில் உதவிக்குருவாகப் பேரும் புகழுமாக இருந்தபோது, மணமான ஒரு பெண்மேல் மனம் போய்விட்டது. நகரத்தை விட்டே கிளம்பினார். எருசலேம் வழியாக எகிப்துக்குப் போய், துறவிகள் வாழ்ந்த பாலைவனக் குடியிருப்புகளான நித்ரியாவிலும் பிறகு கெல்லியாவிலும் தங்கி, கையெழுத்துப் படிகளைப் பிரதி எடுத்துப் பிழைத்து, 399-இல் இறந்தார். பாலைவனத்தில் ஓடி ஒளிந்தால் சோதனை விட்டுவிடும் என்று நினைத்தவர் இல்லை. ஊரில் ஆட்களும் பொருள்களும் சோதிக்கும், தனிமையில் எண்ணங்களே சோதிக்கும் என்பது அவர் அனுபவம்.

அந்த எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. பிற்காலத்து ஏழு தலையான பாவங்களின் பட்டியல் இதிலிருந்து வளர்ந்ததுதான். அவர் சொல்லும் சோர்வு வெறும் உடல் அசதி அன்று. 91-ஆம் சங்கீதத்தின் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' அதுவே என்கிறார். காலை பத்து மணிவாக்கில் வந்து பிற்பகல் இரண்டு வரை விடாதாம். சூரியன் நகராததுபோல் தோன்றும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு இந்த இடமே பிடிக்காமல் போகும், செய்யும் வேலை கசக்கும், 'இங்கே யாருக்கும் அன்பே இல்லை' என்ற நினைப்பு வரும். கடைசியில், கடவுளை எங்கேயும் தொழலாமே என்ற பக்தியான நியாயமும் வந்து சேரும்! சபை மாறத் துடிக்கும்போதெல்லாம் நான் இந்தப் பகுதியைத்தான் எடுத்துப் படிக்கிறேன்.

எண்ணம் வருவது நம் கையில் இல்லை, தங்கவிடுவதுதான் நம் கையில் இருக்கிறது என்றார் அவர். ஆகவே மனம் ஓடியதற்காகக் குற்ற உணர்வில் புழுங்காதீர்கள். எங்கே ஓடியது, எந்த நேரத்தில், எதன் பின்னால் எது வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் 'அலைச்சல்' என்று எழுதியிருந்தவற்றில் பெரும்பாலானவை கோபம்தான்: அலுவலகத்தில் சொல்லாமல் விட்ட பதிலை ஜெபத்தில் உட்கார்ந்து மெருகேற்றிக்கொண்டிருந்தேன்.

யாரென்று தெரிந்தால் மருந்து எளிது. அலையும் மனத்துக்கு வாசிப்பு, கண்விழிப்பு, ஜெபம். எரியும் ஆசைக்கு உபவாசம், உழைப்பு, தனிமை. கோபத்துக்குச் சங்கீதம், பொறுமை, இரக்கம் என்று எவாக்ரியுஸ் வகுத்தார். கோபக்காரன் உபவாசம் இருந்தால் பசியும் சேர்ந்துகொள்ளும் என்பது என் சொந்தச் சேர்க்கை. எதையும் அளவோடும் உரிய நேரத்திலும் செய்யவேண்டும், மிஞ்சினால் கேடுதான் என்று அவரும் எச்சரிக்கிறார்.

வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு மூன்று முறையும் உபாகம வசனத்தால்தான் பதில் சொன்னார், கூச்சல் போடவில்லை. எவாக்ரியுஸும் ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிர்வசனங்களைத் திரட்டி வைத்தார், கிட்டத்தட்ட ஐந்நூறு. சோர்வு வந்தால் ஆத்துமாவை இரண்டாக்கி, ஒரு பாதி மறு பாதியைத் தேற்றட்டும் என்பார்: 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?' இந்த 42-ஆம் சங்கீதத்தை நான் வாய்விட்டுச் சொல்வதுண்டு. அப்புறம் எழுந்துபோகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவர் கொடுக்கும் முக்கிய ஆலோசனையும் இருந்த இடத்தை விடாதே என்பதுதான்.

ஒன்று மட்டும். தூக்கமும் பசியும் போய், துக்கம் வாரக்கணக்கில் நீண்டால் அதை ஆவிக்குரிய போராட்டம் என்று மட்டும் பார்க்காமல் மனநல மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்த ஆலோசனையைத் தள்ளிவிடுங்கள்.