தேசிய இளைஞர் வேளாண் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனால் ஒரு விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மேடையிலிருந்து எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். சாப்பாட்டு மேசையிலும் வயல் வரப்பிலும் கிடைத்ததுதான் இன்றுவரை கூட வருகிறது.

நான் பர்மாத் தமிழன். ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் தன்லின். சிரியம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம்தான் எங்கள் வயல். மழைக்கு நெல். கார்த்திகையில் அறுத்ததும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்து விதைப்போம். மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். பர்மிய மொழியில் அதற்கு மத்பே என்று பெயர். நெல் சோற்றுக்கு, உளுந்து கடனுக்கு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

2018 ஜனவரியில் தலைநகர் நேப்பிடாவில் மாநாடு. டவுன்ஷிப் விவசாய அலுவலகத்தில் இளம் விவசாயி ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது என் பெயர் போனது. என்னைவிட நன்றாக உளுந்து போடும் பையன் ஒருவன் எங்கள் ஊரில் உண்டு. அவனிடம் ரோஸ் நிறக் குடியுரிமை அட்டை இல்லை. 1982 குடியுரிமைச் சட்டம் கேட்கும் பழைய காகிதங்களை அவன் வீட்டாரால் காட்ட முடியவில்லை. அதனால் அவன் பெயரைக் கொடுக்கவே வழியில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இரவு பஸ், 115 மைல் என்று பெயர் வைத்த வழி நிறுத்தத்தில் ஒரு டீ, விடியும்போது நேப்பிடா. முதல் நாள் முழுக்க உரைகள்: இயந்திரமயம், ஏற்றுமதி, கடன். வீட்டில் தமிழும் சந்தையில் பர்மிய மொழியும் பேசி வளர்ந்தவன் நான். அந்த ஏட்டுப் பர்மிய மொழி எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

மதியச் சாப்பாட்டில் பெகுவிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்களும் நெல்லுக்குப் பிறகு மத்பே போடுகிறவர்கள். நான் தமிழன் என்று தெரிந்ததும், "அகோ (அண்ணா), இந்தியாவில் இதை இவ்வளவு வாங்கி என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டாள். ஊறவைத்து அரைப்பது, புளிக்கவைப்பது, இட்லி, வடை, அப்பளம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பல வருடமாக விளைவித்தும் அவள் அதைச் சாப்பிட்டதே இல்லையாம். பர்மாவில் விளையும் உளுந்தில் பெரும்பகுதி அப்படியே கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது.

பேச்சு விலைக்குத் திரும்பியது. முந்தின ஆண்டு உளுந்து விலை பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. தரகர்கள் கூடிப் பேசி அடித்துவிட்டார்கள் என்றே மேசையில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். திருவாடானைப் பக்கம் இருக்கும் பெரியப்பா மகன் போனில் சொல்லியிருந்தார். 2016-17இல் இந்தியாவிலேயே பருப்பு வகைகள் அமோகமாக விளைந்தன. அங்கே உள்ள விவசாயிக்கும் விலை இல்லை. அதனால் 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு வரம்பு போட்டார்கள்: துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பச்சைப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன். இதைச் சொன்னதும் மேசை அமைதியாகிவிட்டது. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து பெகு வயலை எப்படி அடிக்கிறது என்று காலை முழுவதும் மேடையில் ஒருவரும் விளக்கவில்லை. அன்று சாயங்காலம் ஏழெட்டுப் பேர் போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். இந்தியாவிலிருந்து சேதி வந்தால் நான் சொல்வது, பயின்னவுங் சந்தை விலையை ரங்கூனில் இருப்பவர் சொல்வது என்று ஏற்பாடு.

இரண்டாம் நாள் நேப்பிடாவை ஒட்டிய யெசின் என்ற ஊர். வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சித் துறையும் அங்கேதான். எதை விட்டாலும் வயலுக்கு அழைத்துப்போவதை விடாதீர்கள். உளுந்துப் பாத்திகளில் சில வரிசை பச்சை, நடுநடுவே சில வரிசை ஒரேயடியாக மஞ்சள். மஞ்சள் தேமல், எங்கள் வயலிலும் வரும் நோய். பராமரிப்புக் குறைவு என்று நினைத்துக் கேட்டேன். இல்லை, நோய்க்குச் சீக்கிரம் விழும் ரகத்தை வேண்டுமென்றே இடையில் விதைக்கிறோம் என்றார் அங்கிருந்த அம்மா. வெள்ளை ஈ அதில் உட்கார்ந்து நோயைப் பக்கத்து வரிசைகளுக்கும் கொண்டுபோகும். அப்படியும் பச்சையாக நிற்பதுதான் தாங்கும் ரகம். இத்தனை வருடம் மஞ்சளாகும் செடியைப் பார்த்து உரம் போதவில்லை என்று உரம் போட்டிருக்கிறோம். ஆரம்பத்திலேயே அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் உங்கள் வயலில் தீராமல் இருக்கும் கேள்வி ஒன்றை எடுத்துப் போங்கள். நோய் என்றால் செடியின் போட்டோவும் வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பதைவிட, உங்கள் பயிரையே போடும் இன்னொரு ஊர்க்காரரைத் தேடி உட்காருங்கள்.

பிறகு 2021இல், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் பர்மாவிலிருந்து வாங்குவதாக 5 ஆண்டுக்கு இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தச் சேதியை எங்கள் குழுவில் முதலில் போட்டவன் நான்தான்.

பெகுப் பெண்ணின் ஊரில் தேமலை ஓரளவு தாங்கும் விதை இருந்தது. மார்ச்சில் அறுத்ததும் ஒரு தின், அதாவது 32 கிலோ போல, பஸ்ஸில் போட்டு அனுப்பினாள். அதில் பாதியை அட்டை இல்லாத அந்தப் பையனுக்குக் கொடுத்தேன். அடுத்த கார்த்திகையில் இரண்டு வயலிலும் ஒரே வாரத்தில் விதைத்தோம்.