'காடு' படத்து மாமத் முடி: வாங்கலாமா?

சேலத்தில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், 1952இல் வந்த 'காடு' படத்தில் யானைக்குப் போர்த்திய மாமத் (அழிந்துபோன சடை யானை) முடி என்று ஒரு துண்டைக் காட்டி 18,000 ரூபாய் கேட்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

சேலத்து ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம், யானைக்கு முடி போர்த்தித்தான் மாமத் ஆக்கினார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவு நிற்கிறது என்பதற்காக ஊரில் கிடக்கிற கந்தல் எல்லாம் ஸ்டுடியோ சரக்கு ஆகிவிடாது.

துண்டைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பாருங்கள். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இருந்தால் பேச்சே வேண்டாம், 1952இல் அது கடைக்கே வரவில்லை. அப்புறம், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். சணல் என்றால் காகிதம் எரிகிற வாடை. உருகி, கெட்டி மணியாகத் திரண்டால் செயற்கை இழை, நடையைக் கட்டலாம்.

இதில் தேறினாலும் பழசு என்றுதான் ஆகும், படத்தில் வந்தது என்று ஆகாது. அதற்குப் படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒரு தையலோ கிழிசலோ அப்படியே பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்தை வைத்து ஒப்பிட வழியில்லை, அது வண்ணப்படம் இல்லை. யார் வீட்டிலிருந்து வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால், என் கணக்கில் அது 500 ரூபாய்க் கம்பளி.